மகப்பேற்று விடுதியில் சொல்லாமல் சுமக்கும் துயரம்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், சுகாதாரத் துறையில் பணியாற்றும் பழைய மாணவியர் சார்பில் உடப்புசல்லாவையில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு மேடையில் சாதனைகளைப் பேசுவது வழக்கம். இந்தப் பாடசாலையில் படித்து வைத்தியர்களாகவும் தாதியர்களாகவும் மருத்துவமாதுக்களாகவும் ஆனவர்கள் சார்பில் சில வார்த்தை பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். 1990களில் இங்கே சாதாரண தரம் எழுதிய எங்கள் தொகுதியினரும், எங்களுக்கு முன்பின் வந்தவர்களுமாகச் சிலர் கூடி யோசித்தோம். எத்தனை பேர் இந்தத் துறைக்கு வந்தோம் என்ற பட்டியல் மலரின் வேறு பக்கங்களில் வந்துவிடும். வீட்டில்கூட நாங்கள் வாய் திறந்து சொல்லாத ஒன்றை, நாங்கள் வளர்ந்த இந்த இடத்தில் சொல்லலாம் என்று முடிவு செய்தோம்.

பிள்ளைப்பேற்றில் ஒரு தாய் இறக்கும்போது, அல்லது ஒன்பது மாதம் சுமந்த பிள்ளை அழாமலே பிறக்கும்போது, அந்த அறையில் நின்ற ஊழியர்களுக்கு என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அந்த இழப்பு அந்தக் குடும்பத்தினுடையது. மனைவியையும் பிள்ளையையும் கூட்டிப்போக வந்த ஒருவர், அவர் கொண்டுவந்த சூடுதண்ணீர் போத்தலையும் பிள்ளைத் துணிப் பையையும் மட்டும் தூக்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்புகிறார். அந்தத் துயரத்தின் பக்கத்தில் வைக்க எங்களிடம் எதுவும் இல்லை. 2000ஆம் ஆண்டில் ஆல்பர்ட் வூ என்ற அமெரிக்க வைத்தியர், பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில், சிகிச்சையில் விபரீதம் நேர்ந்து மனம் உடைந்துபோகும் வைத்தியரை ‘இரண்டாவது பாதிக்கப்பட்டவர்’ என்று அழைத்தார். அந்தச் சொல் உலகமெங்கும் பரவியது. 2019இல் அதே இதழில், சிகிச்சையின்போது தம் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் சிலர், அந்தச் சொல்லைக் கைவிடுங்கள் என்று எழுதினார்கள். பொறுப்பு ஏற்க வேண்டியவர்கள் பரிதாபம் தேடுவதாக ஆகிவிடும் என்பது அவர்களுடைய நியாயம். அதை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். அந்தப் பட்டம் எங்களுக்கு வேண்டாம். ஆனால் பெயர் வைக்காவிட்டாலும் சுமை இருக்கிறது. அதைக் கவனிக்காமல் விட்டால், அடுத்த கட்டிலில் படுக்கவரும் தாய்க்கும் அது ஆபத்தாகிறது. அதனால்தான் இந்தப் பேச்சு.

எங்கள் பாட்டிமாரின் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். கிட்டத்தட்ட 50 பிரசவத்துக்கு ஒரு தாய். பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று அவர்கள் சொன்னது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று மனை 1879இல் தொடங்கியது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பமானது. பயிற்சி பெற்ற மருத்துவமாதுக்கள் கிராமம் கிராமமாகச் சென்றார்கள். 1968இல் குடும்ப சுகாதாரப் பணியகம் வந்தது. தோட்டப்புறத்துக்கு இவை பிந்தித்தான் வந்து சேர்ந்தன. ஆனாலும் வந்தன. இன்று ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையில்தான். கொவிட் பரவிய 2021இல் தாய் மரணங்கள் கூடின. மற்றபடி கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 30 அளவில்தான் இருந்து வந்திருக்கிறது. அதாவது 3,000 பிரசவத்துக்கும் மேல் போனால்தான் ஒரு தாய். உலக வங்கி 2003இல் வெளியிட்ட நூலொன்றில், ஏழை நாடுகள் பார்த்துப் படிக்க வேண்டிய உதாரணங்களாக மலேசியாவையும் இலங்கையையும் எடுத்துக்கொண்டது.

இது நாடே பெருமைப்பட வேண்டிய விடயம். ஆனால் இந்த வெற்றிக்கு நாம் யோசிக்காத ஒரு பக்கம் உண்டு. 50க்கு ஒன்று என்றிருந்த காலத்து மருத்துவிச்சி, மரணத்தை அறிந்தவள். அவளுக்குத் துணையாக ஊரும் அதை அறிந்திருந்தது. இன்றைய இளம் மருத்துவமாது பல வருடங்கள் வேலை செய்தும் ஒரு தாய் மரணத்தைக்கூடக் காணாமல் இருக்கலாம். அவளுடைய முதல் மரணம் வரும்போது, எப்படி நிற்பது, யாரிடம் என்ன சொல்வது என்று சொல்லித்தர அனுபவப்பட்டவர் பக்கத்தில் இருப்பதில்லை. குடும்பத்துக்கும் அப்படித்தான். பிரசவத்துக்குப் போகிறவள் திரும்பி வருவாள் என்றுதான் இன்று எல்லாரும் நம்புகிறார்கள். திரும்பி வராதபோது, யாரோ எங்கோ பிழை விட்டார்கள் என்ற எண்ணம் உடனே எழுகிறது. சில வேளை அது உண்மை. சில வேளை, எல்லாம் ஒழுங்காகச் செய்தும் உயிர் போய்விடுகிறது.

அது எப்படி என்று கேட்பீர்கள். நிறைமாதத்தில் தாயின் கருப்பைக்கு ஒரு நிமிடத்தில் அரை லீற்றருக்கும் கூடுதலான இரத்தம் பாய்கிறது. பிள்ளை பிறந்து நச்சுக்கொடி கழன்றதும் கருப்பை இறுகிச் சுருங்கி அந்த வாய்களை அடைக்க வேண்டும். சுருங்காவிட்டால் நிமிடங்களில் நிலைமை மாறிவிடும். மருந்து கொடுக்கிறோம், கருப்பையைக் கையால் அழுத்துகிறோம், இரத்தம் ஏற்றுகிறோம், சத்திரசிகிச்சைக்கு ஓடுகிறோம். ஒரு பெரிய வைத்தியசாலையில் இத்தனையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். உடப்புசல்லாவை மாதிரி இடத்தில், ராகலை, கந்தப்பளை வழியாக நுவரெலியாவுக்கு வளைந்து வளைந்து போகும் பாதையை எங்கள் எல்லோருக்கும் தெரியும். பனிமூட்டத்தில், அம்புலன்சில், ஒரு கையால் தாயின் அடிவயிற்றை அழுத்திக்கொண்டு, மறுகையால் இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு போகும் தாதி எங்கள் பாடசாலைப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

தாய் பிழைத்துவிட்டால் அந்தப் பயணத்தை எல்லோரும் மறந்துவிடுவோம். பிழைக்காவிட்டால் அதற்குப் பிறகும் வேலை இருக்கிறது. தாலிக்கயிற்றையும் காதுத் தோட்டையும் கழற்றி, புத்தகத்தில் எழுதி, கையொப்பம் வாங்கி, உரியவர் கையில் கொடுக்க வேண்டும். உடலைத் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். தரையைக் கழுவ வேண்டும். நடந்ததை மணி, நிமிடத்தோடு எழுத வேண்டும். திரைக்கு அந்தப் பக்கம் இன்னொரு தாய் வலியில் இருக்கிறாள். அவளிடம் போய்ச் சிரித்த முகத்தோடு ‘பயப்படாதீங்கம்மா’ என்று சொல்ல வேண்டும். சிற்றூழியர் அக்கா முதல் நிபுணர் வரை எல்லோரும் இதைச் செய்கிறார்கள். செய்துவிட்டு வீட்டுக்குப் போய் இரவுச் சோறு சமைக்கிறார்கள்.

அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்தில் சூசன் ஸ்கொட் என்பவரும் அவருடைய குழுவினரும் இப்படியான 31 சுகாதார ஊழியர்களைச் சந்தித்துப் பேசி, 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் ஆறு கட்டங்களைக் கண்டார்கள். முதலில் குழப்பம், ஓட்டம். பிறகு ‘அந்த நேரத்தில் இப்படிச் செய்திருந்தால்?’ என்று மனம் திரும்பத் திரும்ப ஓடுவது. மூன்றாவது, கூட வேலை செய்கிறவர்கள் இனி நம்மை நம்புவார்களா என்ற பயம். நான்காவது, விசாரணைகளைத் தாங்குவது. ஐந்தாவது, ஆறுதல் தேடுவது. கடைசியில் மூன்று வழிகள் பிரிகின்றன. சிலர் வேலையை விட்டோ இடம் மாறியோ போகிறார்கள். சிலர் இருக்கிறார்கள், ஆனால் உள்ளுக்குள் அது ஆறுவதில்லை. சிலர் அதிலிருந்து கற்று முன்னைவிடத் திடமாக நிற்கிறார்கள். எங்கோ தூரத்தில் எழுதப்பட்ட இந்த வரிகளை வாசித்தபோது, எங்கள் விடுதியைப் பார்த்து எழுதியது போல் இருந்தது.

ஆனால் அந்த ஆய்வில் இல்லாத இரண்டு விடயங்கள் எங்கள் மலைநாட்டில் உண்டு.

ஒன்று, மொழி. தோட்டத்துத் தாய் தமிழில்தான் வலியைச் சொல்கிறாள். எங்கள் வைத்தியசாலைகளில் தமிழ் பேசும் ஊழியர்கள் போதாது என்பது புதிய செய்தி அல்ல. ஆகவே துக்கச் செய்தியைச் சொல்லும் நேரம் வரும்போது, கூட்டத்தில் தமிழ் தெரிந்தவரைத் தேடுகிறார்கள். அவர் பெரும்பாலும் வயதில் இளையவராகவோ பதவியில் சிறியவராகவோ இருப்பார். இளம் தாதியாக இருக்கலாம், சிற்றூழியராகவும் இருக்கலாம். ‘நீ போய்ச் சொல்லு’ என்கிறார்கள். மருத்துவக் காரணத்தை விளக்கும் பயிற்சி அவருக்குக் கொடுக்கப்படவில்லை. முடிவுகளை எடுத்தவரும் அவர் இல்லை. ஆனால் அந்தத் தாயின் அம்மா முதலில் பார்ப்பது அவர் முகத்தை. ‘நீ நம்ம புள்ளதானே, நீயாச்சும் காப்பாத்தியிருக்கக் கூடாதா?’ என்ற கேள்வி அவரைத்தான் வந்து சேர்கிறது. எங்களில் பலர் அந்த இடத்தில் நின்றிருக்கிறோம். அந்தக் கேள்விக்கு அன்றும் பதில் இல்லை, இன்றும் இல்லை.

மற்றது, ஊர். கொழும்பில் வேலை முடிந்து பஸ் ஏறினால் யாருக்கும் எங்களைத் தெரியாது. இங்கே அப்படி இல்லை. அடுத்த மலையில் தப்புச் சத்தம் கேட்கும்போது, அது யாருடைய இறுதி ஊர்வலம் என்று அந்த மருத்துவமாதுக்குத் தெரியும். கடைவீதியில், பஸ் நிலையத்தில், மாரியம்மன் திருவிழாவில் அந்தக் குடும்பத்தைச் சந்திக்க வேண்டும். தாய் போய் பிள்ளை பிழைத்திருந்தால், பாட்டி அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வருவார். அதே மருத்துவமாதுதான் பிள்ளையின் நிறையைப் பார்த்து அட்டையில் குறிக்க வேண்டும். மாதாமாதம் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். இதில் ஒரு நன்மையும் உண்டு என்பதைச் சொல்லத்தான் வேண்டும். சில பாட்டிமார் அந்தப் பிள்ளையை எங்கள் கையில் கொடுத்து, ‘தூக்கும்மா, ஒன்ட கையிலதானே பொறந்துச்சு’ என்று சொல்வார்கள். எந்த ஆலோசகராலும் தர முடியாத ஆறுதல் அது.

இந்தச் சுமையைத் தனியே விட்டால் எங்கே கொண்டுபோகும் என்பதற்குச் சரித்திரம் இரண்டு சாட்சிகளைத் தருகிறது. 1817 நவம்பரில் இங்கிலாந்து இளவரசி சார்லட், ஏறத்தாழ 50 மணி நேரப் பிரசவ வேதனைக்குப் பின் ஆண் பிள்ளையை உயிரற்றுப் பெற்று, சில மணி நேரத்தில் தானும் இறந்தார். நாடே அழுதது. பிரசவம் பார்த்த சேர் ரிச்சர்ட் குரொப்டைப் பலரும் குறை கூறினர். மூன்று மாதம் கழித்து, 1818 பெப்ரவரியில், அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இரு நூற்றாண்டு கழித்து, 2022 மார்ச்சில், இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலத்தில் லால்சோட் என்ற சிறு ஊரில், வைத்தியர் அர்ச்சனா சர்மாவின் பராமரிப்பில் இருந்த ஒரு தாய் பிரசவத்துக்குப் பின்னான இரத்தப்பெருக்கால் இறந்தார். வைத்தியசாலைக்கு முன் ஆர்ப்பாட்டம் நடந்தது. பொலிஸார் வைத்தியர் மீது கொலை வழக்குப் பதிந்தார்கள். மறுநாள் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வைத்தியர் மீது குற்றவியல் நடவடிக்கை எடுக்குமுன் சுயாதீனமான மருத்துவ அபிப்பிராயம் பெற வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2005இலேயே சொல்லியிருந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. அந்த ஒரு நாளில் அவர் பக்கத்தில் அது வந்து நிற்கவில்லை.

அதற்காகக் கேள்வியே கேட்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. 2024இல் மன்னாரில் பிரசவத்தோடு தொடர்பான மரணங்களை அடுத்து மக்கள் வீதிக்கு இறங்கியதை எல்லோரும் பார்த்தோம். ஒரு தாய் ஏன் இறந்தாள் என்று கேட்க அவளுடைய குடும்பத்துக்கு முழு உரிமை உண்டு. கவனக்குறைவு இருந்தால் பொறுப்புக்கூற வேண்டும். எங்கள் நாட்டில் அதற்கு ஒரு நல்ல முறையும் இருக்கிறது. ஒவ்வொரு தாய் மரணமும் உடனே அறிவிக்கப்பட வேண்டும். வைத்தியசாலையில், மாவட்டத்தில், பிறகு தேசிய மட்டத்தில் அதை ஆராய்கிறார்கள். மகப்பேற்று நிபுணர்களின் கல்லூரியும் அதில் பங்கெடுக்கிறது. ஆளைப் பிடித்துப் பழி போடுவது அதன் நோக்கம் இல்லை. எந்த இடத்தில் தாமதம் வந்தது, எது கையில் இல்லாமல் போனது என்று கண்டுபிடித்து, அடுத்த தாயைக் காப்பாற்றுவதே நோக்கம். 2,000 என்ற எண்ணிக்கை 30க்கு இறங்கியதில் இந்த ஆய்வுகளுக்கும் பங்கு உண்டு.

ஆனால் அந்தக் கூட்டத்தில் மேசையின் கடைசியில் இருக்கும் மருத்துவமாதைக் கவனியுங்கள். ‘எத்தனை மணிக்கு?’, ‘யாருக்கு அறிவித்தீர்கள்?’ என்ற கேள்விகள் அவரிடம் வரும். பதில் சொல்வார். ‘அதற்குப் பிறகு நித்திரை வருகிறதா?’ என்று கேட்பது எவருடைய கடமையாகவும் இல்லை. மரணத்துக்கு ஓர் அறிக்கை உண்டு. அதைக் கண்ட மனுஷிக்கு ஒன்றும் இல்லை. சில மாதம் கழித்து அவர் இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்கிறார். அல்லது பிரசவ அறையைத் தவிர்த்து வேறு விடுதி கேட்கிறார். அல்லது சிறு சந்தேகத்துக்கும் பயந்து எல்லாத் தாய்மாரையும் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புகிறார். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ வைத்தியர்களும் தாதியர்களும் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். இருக்கும் அனுபவசாலி ஒருவரை இப்படி இழப்பது உடப்புசல்லாவைத் தாய்மாருக்குப் பெரும் நட்டம்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. டென்மார்க்கில் மகப்பேற்று வைத்தியர்களிடமும் மருத்துவமாதுக்களிடமும் நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், வெளியாரின் பழியைவிடத் தம் மனசாட்சியின் கேள்விகளே தம்மைக் கூடுதலாக வாட்டின என்று அவர்கள் சொன்னார்கள். அதே ஆய்வில் 65 வீதமானோர், அந்தச் சம்பவத்தால் தாம் முன்னைவிட நல்ல வைத்தியராக, நல்ல மருத்துவமாதாக ஆனோம் என்றும் சொன்னார்கள். மிசூரி குழுவினரின் அனுபவமும் இதற்கு ஒத்துப்போகிறது. பெரும்பாலோருக்குப் பெரிய சிகிச்சை எதுவும் தேவைப்படுவதில்லை. கூட வேலை செய்யும் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காது கொடுத்தாலே போதுமாக இருக்கிறது. சிலருக்கு மட்டும் பயிற்சி பெற்றவரின் உதவி வேண்டும்.

ஆகவே இந்தச் சபையிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறோம்.

வைத்தியசாலைகளில் பொறுப்பில் இருக்கும் எங்கள் சகோதரிகளுக்கு: விபரீதம் நடந்த அன்று அந்த ஊழியரை அடுத்த பிரசவத்துக்கு உடனே நிறுத்தாதீர்கள். ஒரு மணி நேரமாவது விடுவியுங்கள். ஒரு தேத்தண்ணி கொடுத்து, கதவை மூடி, மூத்தவர் ஒருவர் கூட இருக்கட்டும். அறிக்கை எழுதும்போது தனியே விடாதீர்கள். சிற்றூழியரையும் அந்த வட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிழமை கழித்து மறுபடி விசாரியுங்கள்.

துக்கச் செய்தியைச் சொல்லும் பொறுப்பு மூத்த வைத்தியருக்கே உரியது. அவருக்குத் தமிழ் வராவிட்டால், மொழிபெயர்க்க ஒருவர் பக்கத்தில் நிற்கலாம். தமிழ் தெரிந்த ஒரே காரணத்துக்காக இளம்பிள்ளையைத் தனியே அனுப்ப வேண்டாம். இந்த ஒன்று மட்டும் மாறினாலும் எங்கள் மலைநாட்டில் பாதிச் சுமை இறங்கும்.

சட்டத்தரணிகளாகவும் பத்திரிகையாளர்களாகவும் இருக்கும் தோழிகளுக்கு: குடும்பத்துக்காகக் கேள்வி கேளுங்கள். அறிக்கையைக் கேளுங்கள். விசாரணை முடியுமுன் ஒரு தாதியின் பெயரையோ படத்தையோ முகநூலில் பரப்பாதீர்கள். பரப்புகிறவர்களைத் தடுங்கள்.

வீட்டில் இருக்கும் அம்மாமாருக்கும் அக்காமாருக்கும்: வைத்தியசாலையில் வேலை செய்யும் உங்கள் மகளோ மருமகளோ ஒருநாள் பேசாமல் வந்து இருந்தால், ‘யாருடைய பிழை?’ என்று முதலில் கேட்காதீர்கள். ‘சாப்பிட்டியா?’ என்று கேளுங்கள். அவள் பேசினால் பேசவிடுங்கள். அழுதால் அழவிடுங்கள். நாட்கணக்கில் நித்திரை இல்லாமல், சாப்பாடு இல்லாமல், இருந்து என்ன பிரயோசனம் என்பது போலப் பேசினால், காத்திருக்காதீர்கள். மனநல வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம். வெட்கப்பட அதில் ஒன்றும் இல்லை.

இன்று இந்தப் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் தங்கச்சிமாருக்கும் ஒரு சொல். இதையெல்லாம் கேட்டு இந்தத் தொழிலுக்குப் பயந்துவிடாதீர்கள். நாங்கள் கையில் ஏந்திய பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானவை நன்றாக அழுதுகொண்டுதான் பிறந்தன. அவர்களில் சிலர் இப்போது இந்தப் பாடசாலை வகுப்புகளிலேயே இருக்கிறார்கள். எங்கள் லயத்துத் தாய்மாருக்கு அவர்களுடைய மொழியில் பேசும் வைத்தியர்களும் மருத்துவமாதுக்களும் இன்னும் நிறைய வேண்டும். நீங்கள் வாருங்கள். நீங்கள் வரும்போது, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆள் இருக்கும்படி பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு.

அந்தப் பொறுப்பை இந்த மண்டபத்திலேயே தொடங்கலாம் என்று நினைக்கிறோம். இப்படியான ஓர் இழப்பை மனதில் வைத்திருக்கும் சகோதரிகள் யாராவது இங்கே இருந்தால், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களோடு வந்து இருங்கள். பேசத்தான் வேண்டும் என்றில்லை. வெளியூரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் சங்கத்தின் ஊடாக எங்களைத் தொடர்புகொள்ளலாம்.